பி.எட். கையில், இந்திய பாஸ்போர்ட் பையில்: ஆங்கில ஆசிரியர் வெளிநாட்டில் வேலை தேடும் வழி

‘ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே உலகம் சுற்றலாம்’ என்று இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ், அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஏதாவது ஒரு பட்டம், 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் சான்றிதழ் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கானது), விமான டிக்கெட், இவ்வளவு போதும் என்பார்கள். அவர்களுக்குப் போதும்தான். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்தவர் அதே வழியில் விண்ணப்பிக்கத் தொடங்கினால், பல விளம்பரங்களில் ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும்’ என்ற வரியில் முட்டிக்கொள்வார். நமக்குத் திறக்கும் கதவுகள் வேறு. அவற்றை பி.எட்.தான் திறக்கும், டெஃபல் துணைக்கு வரும். இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டு, முதல் வேலையாக டெஃபல் படிப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கே முயல்வது

புதிதாகத் தகுதி பெற்ற இந்திய ஆங்கில ஆசிரியருக்கு உண்மையாகவே வாய்ப்புள்ள இடங்கள் மூன்று வகை: வளைகுடா நாடுகளின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள், மாலத்தீவு, தென்கிழக்கு ஆசியா.

வளைகுடாவில் அமீரகம், ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைன், சவுதி எல்லாவற்றிலும் சிபிஎஸ்இ பள்ளிகள் உண்டு. அங்கே பட்டமும் பி.எட்.டும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்வியாண்டு நம் ஊர் சிபிஎஸ்இ போலவே ஏப்ரலில் தொடங்கும். அதனால் ஆள் எடுப்பு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூடாக நடக்கும். சென்னை, கொச்சி போன்ற இடங்களுக்குப் பள்ளிகளே வந்து நேர்காணல் நடத்துவதும் உண்டு. அதே ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில் தொடங்குபவை. சம்பளம் இரண்டு மூன்று மடங்கு, ஆனால் புதியவரை, அதுவும் இந்தியச் சான்றிதழோடு வருகிறவரை, ஆங்கிலப் பாடத்துக்கு எடுப்பது அபூர்வம். அமீரகத்தின் நடுத்தர சிபிஎஸ்இ பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 திர்ஹாமுக்குள் அடங்கிவிடும். தங்குமிடம் தருகிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்து இது நல்ல சம்பளமாகவும் இருக்கலாம், கையைக் கடிக்கும் சம்பளமாகவும் இருக்கலாம்.

மாலத்தீவில் பள்ளிகளின் பயிற்றுமொழியே ஆங்கிலம். மேல் வகுப்புகள் லண்டன், கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்குப் படிப்பவை. பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். மக்கள் வாழும் தீவுகள் 180-க்கும் மேல். தலைநகர் மாலேயில் வேலை கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பலருக்குக் கிடைப்பது சில நூறு பேரோ ஓரிரு ஆயிரம் பேரோ வாழும் தீவு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி பணத்தை ஊருக்கு அனுப்புவது பற்றியது. சம்பளம் ரூஃபியாவில் வரும். அதிகாரபூர்வ மதிப்பு ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா, அந்த விலையில் டாலர் எளிதில் கிடைப்பதில்லை, வெளிச் சந்தையில் விலை நன்றாகவே கூடுதல். வங்கி வழியே மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பும் உண்டு, அது அவ்வப்போது மாறும். எனவே ரூஃபியாவை அதிகாரபூர்வ விலையில் இந்திய ரூபாயாக்கிக் கணக்குப் போட்டால், தாளில் இருக்கும் தொகை ஊருக்கு வந்து சேராது. இப்போது அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் ‘போன மாதம் எவ்வளவு அனுப்ப முடிந்தது?’ என்று கேட்பதுதான் சரியான கணக்கு.

தாய்லாந்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், மற்றவர் என்று இரண்டு சம்பளப் பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது. முன்னவருக்கு 35,000 பாட்டுக்கு மேல் என்று விளம்பரம் வரும் இடத்தில், பிலிப்பைன்ஸ், இந்திய ஆசிரியர்களுக்கு 20,000 முதல் 25,000 பாட் என்று வரும். நியாயமில்லைதான், ஆனால் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது நல்லது. ஆங்கிலத் தாய்மொழியினர் அல்லாதவர் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600-க்குக் குறையாமல், அல்லது ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 5.5-க்குக் குறையாமல் காட்ட வேண்டும் என்று பள்ளிகள் கேட்கும். கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். ஆகவே மார்ச் – மே, பிறகு அக்டோபர், இந்த இரண்டு பருவங்களில்தான் இடங்கள் காலியாகும். அஜார்ன் என்ற தளத்தில் தாய்லாந்து ஆசிரியர் வேலைகள் தொடர்ந்து வரும். பள்ளியில் கற்பிக்க அந்நாட்டு ஆசிரியர் மன்றமான குருசபாவின் தற்காலிக அனுமதி தேவை; பி.எட். இருந்தால் பின்னாளில் முழு உரிமம் பெறுவது எளிது. வியட்நாமிலும் வேலை அனுமதிக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவச் சோதனை நான்கும் வேண்டும். அங்கே பயிற்சி மையங்கள் மணிக்கணக்கில் சம்பளம் தருவதால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பதை எழுத்தில் வாங்காமல் போகக் கூடாது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இங்கிலாந்து 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களுக்கு அந்நாட்டு ஆசிரியர் தகுதிநிலைக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தது; ஆனால் இந்தியாவில் தகுதி பெற்றவர்களுக்கு அது கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்கு மட்டும். அந்த ‘மொழிகள்’ என்பதில் ஆங்கிலம் சேராது. அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் திட்டத்துக்கு இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். சீனா புதியவரான இந்தியருக்கு ஏறக்குறைய மூடிய கதவு. தென் கொரியாவின் இ-2 விசா ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டவருக்கு மட்டும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கும். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய – கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக ஒரு வழி உண்டு. நடைமுறையில் இதைப் பற்றிக் கேள்விப்படாத நிறுவனங்களே அதிகம். ஜப்பானில் பள்ளி உதவி ஆசிரியர் வேலைக்கான விசாவுக்குப் பொதுவாக 12 ஆண்டு ஆங்கில வழிக் கல்வியைக் காட்ட வேண்டியிருக்கும். ஒன்றாம் வகுப்பு முதல் ஆங்கில வழியில் படித்தவர்கள் பயிற்றுமொழிச் சான்றிதழைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டு முயலலாம். தமிழ் வழியில் படித்தவர்கள் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

டெஃபல், செல்டா: எப்போது, எது

டெஃபல், செல்டா இரண்டுமே ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ்கள். வளைகுடா சிபிஎஸ்இ பள்ளிக்கோ மாலத்தீவுக்கோ மட்டும் முயல்கிறவருக்கு இரண்டுமே தேவையில்லை. தென்கிழக்கு ஆசியா என்றால் 120 மணி நேரத்துக்குக் குறையாத டெஃபல் சான்றிதழ் வேண்டும். அதில் நேரடிக் கற்பித்தல் பயிற்சி கொஞ்சமாவது இருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு ரூபாய்க்குத் தள்ளுபடியில் விற்கும் சான்றிதழ்கள் விசா அலுவலகத்தைத் தாண்டலாம், நேர்காணலைத் தாண்டாது.

கேம்பிரிட்ஜின் செல்டா வேறு தரம். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, உண்மையான மாணவர்கள் முன் மதிப்பிடப்படும் 6 மணி நேர வகுப்பு, நான்கு எழுத்துப் பணிகள். முழுநேரமாகச் செய்தால் நான்கு, ஐந்து வாரம், ஆன்லைனிலும் உண்டு. டிரினிட்டியின் செர்ட்டெசால் இதற்குச் சமமானது. செலவு லட்ச ரூபாயைத் தாண்டும் என்பதால், ஓராண்டாவது வகுப்பறையில் நின்ற பிறகு செய்வதே லாபம். பி.எட். முடித்த கையோடு செய்தால் பாதிப் பாடம் மனதில் ஒட்டாது.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களின் கோப்பு நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். மதிப்பெண் பட்டியலில் ‘செல்வி க’ என்றிருக்கும், பட்டச் சான்றிதழில் ‘க. செல்வி’, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘செல்வி கந்தசாமி’. நமக்கு மூவரும் ஒரே ஆள். சான்றிதழ் சரிபார்க்கும் அயல்நாட்டு அலுவலருக்கு மூன்று பேர்.

இன்னும் மோசம், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு இருப்பது. 2022 நவம்பர் முதல் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குப் புதிய விசா தருவதில்லை. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படும் அளவுக்கு இது கறாரான விதி. எனவே இனிஷியலின் விரிவைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். சான்றிதழ்களில் உள்ள இனிஷியலும் பாஸ்போர்ட்டின் விரிந்த பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க நினைக்கும் பெண்கள், வேலை கிடைத்து ஆவணங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் அதைச் செய்ய வேண்டாம். முன்பே செய்யுங்கள், அல்லது விசா முத்திரை விழுந்த பிறகு.

பிறந்த தேதியையும் ஒருமுறை எல்லாத் தாளிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிழை என்றால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

அட்டஸ்டேஷன்: வரிசை தப்பினால் திரும்ப முதலிலிருந்து

அட்டஸ்டேஷன் என்பது சான்றிதழ் உண்மையானது என்று அரசு அலுவலகங்களில் முத்திரை வாங்குவது. தயாராக வேண்டியவை: இளங்கலைப் பட்டச் சான்றிதழ், பி.எட். பட்டச் சான்றிதழ், இரண்டுக்குமான மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், காவல்துறைச் சான்று. பட்டம் என்றால் பட்டமளிப்பு விழாவுக்குப் பின் வரும் மூலச் சான்றிதழ். புரொவிஷனல் சான்றிதழை அட்டஸ்டேஷனுக்கு நம்ப முடியாது. ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மூலச் சான்றிதழ் கைக்கு வர நாளாகலாம். தேர்வு முடிவு வந்த நாளே அதற்கான விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். நவம்பரில் நேர்காணலில் தேர்வாகி, சான்றிதழ் வராததால் ஏப்ரல் வேலையைக் கோட்டை விடுவது ஆண்டுதோறும் நடப்பது.

வழி இது. பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்குதல், பிறகு மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், அதன் பின் இந்திய வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் தனிநபரிடமிருந்து நேரடியாகத் தாள்களை வாங்குவதில்லை; அது அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அப்போஸ்டில் என்ற முத்திரைக்கு (ஹேக் ஒப்பந்த நாடுகள் ஏற்கும் சான்றொப்பம்) அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். சேவை நிறுவனத்துக்கு மேலும் கொஞ்சம். ‘ஒரு சான்றிதழுக்குப் பதினைந்தாயிரம்’ என்று கேட்கும் இடைத்தரகரிடம் எந்த முத்திரைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சில பல்கலைக்கழகங்களின் ஆவணங்களை இ-சனத் தளத்தில் ஆன்லைனிலேயே சரிபார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால் அலைச்சல் பாதியாகும்.

அமைச்சக முத்திரைக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்றால் அத்தோடு முடிந்தது: ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பரில் சேர்ந்த சவுதி ஆகியவை இந்த வகை. அமீரகம், கத்தார், குவைத் சேராதவை. அவற்றுக்கு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரை, அங்கே போய் இறங்கியதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. பட்டியலில் புதிய நாடுகள் சேர்ந்துகொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் பாருங்கள். நாடு முடிவாகாமல் அட்டஸ்டேஷன் செய்துவிட்டு, பிறகு வேறு நாட்டில் வேலை கிடைத்து, மறுபடி அமைச்சகத்துக்கு அனுப்புவோர் பலர். மாநில முத்திரை வரை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொண்டு, அமைச்சக முத்திரையை வேலை உறுதியான பின் வாங்குவது பணத்துக்கும் நல்லது, சான்றிதழின் முதுகுக்கும் நல்லது. லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை ஒட்டாது. உரிக்கப்போய்க் கிழித்துக்கொள்ளாமல், பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழ் கேளுங்கள்.

தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வளைகுடாவின் பட்டச் சமநிலை அலுவலகங்கள் நேரடி வகுப்பில் படித்ததா என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதிசெய்யும். பி.ஏ. அஞ்சல்வழி, பி.எட். மட்டும் ரெகுலர் என்றால், நேர்காணலிலேயே அதைச் சொல்லிவிட்டு, பள்ளி முன்பு அப்படிப்பட்டவருக்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். மறைத்துப் போனால் விசா வந்த பிறகு ஆசிரியர் அனுமதி மறுக்கப்படும். துபாயில் கேஎச்டிஏ, அபுதாபியில் அடெக் என்ற அரசுக் கல்வி அமைப்புகளின் ஒப்புதல் இல்லாமல் பள்ளி உங்களை வகுப்புக்குள் விட முடியாது.

காவல்துறைச் சான்றை பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பழைய சான்றைப் பல நாடுகள் ஏற்பதில்லை என்பதால் இதைக் கடைசியாக வாங்குங்கள். ஐஇஎல்டிஎஸ், டோயிக் மதிப்பெண்களுக்கும் ஆயுள் இரண்டு ஆண்டுதான்.

‘இரண்டு ஆண்டு அனுபவம்’ என்ற வரி

வளைகுடா விளம்பரங்களில் இது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். சிறிய பள்ளிகளும், கல்வியாண்டின் நடுவில் ஆள் போய்விட்ட பள்ளிகளும் இதைத் தளர்த்தும். ஆகஸ்ட் – செப்டம்பரில் வரும் அவசர விளம்பரங்கள் புதியவருக்கு உகந்தவை. ஆனாலும் உள்ளூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஓராண்டு வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பதே எங்கள் பரிந்துரை. மெட்ரிக் பள்ளியைவிட சிபிஎஸ்இ அனுபவம் அங்கே எடைபோடும், ஏனென்றால் பாடநூலும் மதிப்பீட்டு முறையும் அதுவே.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த நாள், விலகிய நாள், கற்பித்த வகுப்புகள், பாடம், பள்ளியின் சிபிஎஸ்இ இணைப்பு எண், முதல்வரின் பெயரோடு கையொப்பம், முத்திரை எல்லாம் வேண்டும். ‘நல்ல ஒழுக்கமுடையவர், வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதிய தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சம்பளம் வங்கிக் கணக்கில் வந்ததற்கான ஆறு மாதப் பதிவையும் எடுத்து வையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தரும் பள்ளியில் பெற்ற அனுபவத்தை நிரூபிப்பது சிரமம்.

ரெஸ்யூம் இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. தந்தை பெயர், மதம், ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முதல் பத்து வரிக்குள் நான்கு செய்தி தெரிய வேண்டும்: பட்டமும் பி.எட்.டும், கற்பித்த வகுப்புகள், சான்றிதழ்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, எப்போது சேர முடியும். ‘மாநில அட்டஸ்டேஷன் முடிந்தது’ என்ற ஒரே வரி பல அனுபவசாலிகளை முந்தவைக்கும், ஏனென்றால் பிப்ரவரியில் பள்ளிக்கு வேண்டியது ஏப்ரலில் வந்து நிற்கக்கூடிய ஆள். இரண்டு நிமிட அறிமுக வீடியோவின் இணைப்பும் சேர்க்கலாம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதாக இருந்தால் வேண்டாம்.

டெமோ கிளாஸ்

பதினைந்து, இருபது நிமிடம். பெரும்பாலும் ஆன்லைனில், சில சமயம் மாணவர்களே இல்லாமல் தேர்வுக்குழு முன். இங்கே தோற்பதற்கு முக்கியக் காரணம், இலக்கண விதியைப் பலகையில் எழுதி விளக்கிவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்பது. ‘யெஸ் மிஸ்’ என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை என்று தேர்வுக்குழுவுக்குத் தெரியும்.

பிரசன்ட் பர்ஃபெக்ட் நடத்தச் சொன்னார்கள் என்று வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒரு படம்: ஒரு பெண், ஒரு வீடு, 2020 என்ற ஆண்டு. ‘ஷீ ஹேஸ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2020’ என்ற வாக்கியத்தை மாணவர் வாயிலிருந்தே வரவழைக்கப் பாருங்கள். வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். அடுத்து பொருள் புரிந்ததா என்று சோதிக்கும் கேள்விகள் மூன்று: இப்போதும் அங்கே இருக்கிறாளா? எப்போது வந்தாள்? வேறு ஊருக்குப் போய்விட்டாளா? இவற்றுக்குச் சரியான பதில் வந்தால் புரிந்தது, வராவிட்டால் விதியை எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. பிறகு ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பேசவிடுங்கள். மாணவர் இல்லாத டெமோவிலும் இந்த இடத்தில் ‘இப்போது இவர்கள் பேசுவார்கள், நான் சுற்றிவந்து பிழைகளைக் குறித்துக்கொள்வேன்’ என்று சொல்லிக் காட்ட வேண்டும். கடைசி மூன்று நிமிடம், கேட்ட பிழைகளில் இரண்டைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தவைப்பது. மொத்த நேரத்தில் உங்கள் குரல் பாதிக்கும் குறைவாக ஒலித்தால் நல்ல டெமோ.

உச்சரிப்பு பற்றி அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். போலி அமெரிக்க உச்சரிப்பு முதல் நிமிடத்திலேயே குட்டு உடைந்துவிடும். தமிழ் வாடையில் கேட்பவருக்கு உண்மையாகவே இடைஞ்சல் தருபவை சிலவே: எம், என் எழுத்துகளை ‘யெம்’, ‘யென்’ என்பது, ‘பஸ்’ என்ற சொல்லின் முடிவில் ஓர் உகரத்தை ஒட்டுவது, வி, டபிள்யூ இரண்டையும் ஒன்றாக்குவது, ‘டெவலப்மென்ட்’ போன்ற சொல்லில் அழுத்தத்தை முதல் அசையில் வைப்பது. தினமும் பத்து நிமிடம் குரலைப் பதிவு செய்து கேட்டால் ஓரிரு மாதத்தில் இவை கட்டுக்குள் வரும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். அமீரகத்தில் ஓராண்டு முடித்தால் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. மொத்தம் 4,500 திர்ஹாம் என்ற ஒரே தொகையில், அடிப்படை 1,800 என்றால் ஆண்டுக்கு 1,260 திர்ஹாம். அடிப்படை 3,000 என்றால் 2,100. மீதியைப் ‘படி’ என்று பிரித்து எழுதுவது சட்டப்படி சரியே, ஆனால் பேசிப் பார்க்கும் இடம் அதுதான்.

கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, பத்து மாதம்தானா? தங்குமிடம் தனி அறையா, நான்கு பேர் பகிர்வதா? விமான டிக்கெட் ஆண்டுதோறுமா, ஒப்பந்த முடிவில் மட்டுமா? வாரத்துக்கு எத்தனை பீரியட்? 28, 30 என்றால் விடைத்தாள் திருத்தம் வீட்டுக்கு வரும். பேருந்துப் பொறுப்பு, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு இவற்றையும் கேளுங்கள். எழுத்தில் இல்லாதது கிடைக்காது, எழுத்தில் இல்லாத வேலை மட்டும் வந்து சேரும்.

அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போவதாக இருந்தால் 14 நாள், அங்கேயே வேறு வேலைக்கு மாறுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னறிவிப்பு. விசா, வேலை அனுமதிச் செலவை முதலாளி உங்களிடமிருந்து வசூலிக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். பள்ளி தரும் ஆஃபர் லெட்டர் வேறு, தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தம் வேறு. இரண்டிலும் தொகை ஒன்றுதானா என்று கையெழுத்துக்கு முன் வரிவரியாக ஒப்பிடுங்கள். அமைச்சகப் பதிவு எண்ணை அதன் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஊரில் ஒரு தொகை, போய் இறங்கியதும் வேறு தொகை என்பது பழைய தந்திரம்.

ஏஜென்ட், மோசடி

நேரடியாகப் பள்ளியின் இணையதளத்தில் விண்ணப்பிப்பதே முதல் வழி. ஏஜென்ட் வழியாகப் போனால், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணை இட்டுப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; ஆக 35,400. ஒன்றரை லட்சம் கேட்கிறவர் அப்போதே சட்டத்தை மீறுகிறார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னை கிண்டியிலிருந்து ஆள் எடுக்கிறது. ஆங்கில ஆசிரியர் இடங்கள் எப்போதும் இருக்காது, ஆனாலும் பதிவு செய்து வைப்பதில் நட்டமில்லை.

‘சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்’ என்பதை எங்கிருந்து கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். வளைகுடாவில் அது அபராதத்திலும் நாடுகடத்தலிலும் முடியலாம். தாய்லாந்தில் பள்ளியின் கடிதங்களோடு நான்-இமிகிரன்ட் பி விசா வாங்கிப் போவதே நேர்வழி. ஆசிரியர் வேலைக்கு பாங்காக்குக்கு வரச்சொல்லி, ‘அங்கிருந்து கார் வரும்’ என்றால் போகவே கூடாது. கம்போடியா, லாவோஸ், மியன்மாரின் மியாவாடி வட்டாரத்தில் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய இந்திய இளைஞர்கள் பலர் இப்படி ஏதோ ஒரு அலுவலக வேலை விளம்பரத்தை நம்பிப் போனவர்கள்தான். டெமோ கேட்காமல், சான்றிதழ் பார்க்காமல், பட்டதாரிப் புதியவருக்கு மாதம் ஒரு லட்ச ரூபாய் தருவதாகச் சொல்லும் பள்ளி உலகில் எங்கும் இல்லை.

பள்ளி உண்மையானதா என்று பார்க்க எளிய வழி: ஆஃபர் லெட்டரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பள்ளியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, முதல்வர் அலுவலகத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் வாரியத்தின் தளத்தில் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியலே இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

புறப்படும் முன்

முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். வங்கிக் கணக்கு குடியிருப்பு அடையாள அட்டை வந்த பிறகே திறக்கும். அதுவரைக்கான சாப்பாடு, போக்குவரத்து, தேவைப்பட்டால் அறை முன்பணம், எல்லாவற்றுக்கும் கையில் வேண்டும். பள்ளி தங்குமிடம் தந்தாலும் அமீரகத்துக்கு 2,000 திர்ஹாமுக்குக் குறைந்து போகாதீர்கள்.

மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வேண்டாம். எல்லாவற்றின் ஸ்கேன் நகலும் மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று. போய்ச் சேர்ந்ததும் பள்ளி மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்க்கக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு. பாஸ்போர்ட்டை விசா முத்திரைக்குக் கொடுத்தால் திரும்பப் பெறும் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். ‘பாதுகாப்பாக நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தராவிட்டால், அல்லது சம்பளம் நின்றால், அந்நாட்டின் தொழிலாளர் அமைச்சகத்தில் முதலில் புகார், அதோடு இந்தியத் தூதரகத்துக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளம் வழியாக ஒரு பதிவு. அந்தப் பதிவுக்கு வரும் எண்ணை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். இங்கிருந்தே அதன் நிலையைப் பார்த்துத் தொடர முடியும்.